“அந்தப் புளியமரப் புத்தகம் இருக்கிறதா?”: நூல் தலைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது எங்கள் கடை. முன்பக்கம் புத்தக விற்பனை. தடுப்புக்குப் பின்னால் தட்டச்சு, பக்க அமைப்பு, அட்டை வேலை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கவிஞர்கள், குலதெய்வ வரலாறு எழுதுகிறவர்கள் என்று பென்னாகரம் முதல் ஊத்தங்கரை வரை பலரும் கையெழுத்துப் பிரதியோடு வருவார்கள். அச்சுக்கூலி பற்றி ஒரு கேள்வி கேட்டால் தலைப்பு பற்றி ஒன்பது கேள்வி கேட்பார்கள். ஒரே பதிலை எத்தனை முறைதான் சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். இவை ஒரு கடைக்காரனின் கருத்துகள். பேராசிரியர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

நல்ல தலைப்பு என்று எதைச் சொல்வீர்கள்?

கடைக்கு வந்து ஒருவர் வாயால் கேட்கக்கூடிய தலைப்பை.

அட்டையில் பெரிய எழுத்தில் பார்க்கும்போது எல்லாத் தலைப்பும் அழகாகத்தான் தெரியும். அதை ஒருவர் படித்து, பிடித்துப்போய், இன்னொருவரிடம் சொல்லி, அவர் பாதியை மறந்து, பத்து நாள் கழித்து என் கடைப் படியேறும்போது நாக்கில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாலை, காய்கறிப் பையோடு ஓர் அம்மா வந்தார். “மகள் ஒரு புத்தகம் வாங்கி வரச் சொன்னாள். பேர் மறந்துவிட்டது. அந்தப் புளியமரப் புத்தகம் இருக்கிறதா?” என்றார். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எடுத்துக் கொடுத்தேன். 1966-ல் வந்த நாவல். தலைப்பின் முன்னால் இருந்த ‘ஒரு’ போய்விட்டது, பின்னால் இருந்த ‘கதை’யும் போய்விட்டது, மரம் மட்டும் அசையாமல் நின்றது. புளி மண்டிகள் நிறைந்த ஊரில் புளியமரத்தை யார் மறப்பார்கள்?

அதே வாரம் கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். “வாழ்க்கை என்று ஏதோ வரும் சார். நான்கு சொல் இருக்கும்.” கடையில் பாதிப் புத்தகங்களில் வாழ்க்கை வருகிறது. அட்டை என்ன நிறம் என்று கேட்டேன். நீலம் என்றார். இருவரும் அரை மணி நேரம் நீல அட்டைகளாகப் பார்த்தோம். வெறுங்கையோடு போனார். அந்த நூலாசிரியர் யாரோ, அன்று ஒரு வாசகரை இழந்தார்.

ஆகவே, தலைப்பை முடிவு செய்யும் முன் வீட்டில் ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். எழுதிக் காட்டாதீர்கள். நான்கு நாள் கழித்து, வேறு பேச்சுக்கு நடுவே, “அன்றைக்கு ஒரு பேர் சொன்னேனே?” என்று கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. அந்தத் தவறில் உங்கள் புத்தகத்தைக் கண்டுபிடிக்க ஒரு பிடி இருக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை சொற்கள் இருக்கலாம்?

கணக்கு இல்லை. பூமணியின் இரண்டு நாவல்களுக்கு ஒற்றைச் சொல்தான்: ‘பிறகு’, ‘வெக்கை’. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நான்கு சொல். இரண்டு வகையும் மறப்பதில்லை. நான்கு சொல்லில் ‘சில’ இரண்டு முறை வந்து ஊஞ்சல் மாதிரி ஆடுவதால், சுமக்க வேண்டிய பாரம் குறைந்துவிடுகிறது.

தமிழ்க் காதுக்கு மோனை பிடிக்கும். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள்: வா, வா. இதை வேண்டுமென்று செய்தால் அரசியல் மேடைப் பேச்சு ஆகிவிடும் அபாயம் உண்டு. தானாக அமைந்தால் தள்ளிவிடாதீர்கள்.

நீளமோ குறுக்கமோ, ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். ‘வாழ்வியல் நோக்கில் வளரும் தலைமுறைக்கான வழிகாட்டு நெறிகள்’ என்று ஒரு பிரதி வந்தது. ஆசிரியரையே பார்க்காமல் சொல்லச் சொன்னேன். ‘வளரும்’ தாண்டவில்லை.

தலைப்புக்கு இலக்கணத்தில் ஏதாவது விதி இருக்கிறதா?

இருக்கிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், இருக்கிறது. நூற்பெயரும் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டிய எட்டுச் செய்திகளில் ஒன்று. பெயர் எப்படி எப்படி வரும் என்று தனியாக ஒரு நூற்பா:

“முதனூல் கருத்தன் அளவு மிகுதி
பொருள்செய் வித்தோன் தன்மைமுதல் நிமித்தினும்
இடுகுறி யானும் நூற்கு எய்தும் பெயரே.”

உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களோடு பார்த்தால் எளிது. முதல்நூலின் பெயரை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று: பாரதம். எழுதியவன் பெயரால் வருவது: தொல்காப்பியம். அளவால்: நாலடி நானூறு. எது மிகுதியாகப் பேசப்படுகிறதோ அதனால்: களவியல். பொருளால்: அகப்பொருள். எழுதச் சொன்ன புரவலன் பெயரால்: சாதவாகனம். தன்மையால்: சிந்தாமணி, சூடாமணி. கடைசியில் காரணம் சொல்ல முடியாத இடுகுறி: நிகண்டு.

கடைக்கு வரும் பிரதிகளை இந்த எட்டுப் பெட்டியில் போட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ‘100 மூலிகைகள்’ அளவு. ‘சொட்டுநீர்ப் பாசனம்’ பொருள். சமையல், விவசாயம், போட்டித் தேர்வு போன்ற பயன் நூல்களுக்கு இந்த இரண்டு பெட்டியே போதும். அங்கே கவித்துவம் காட்டினால் வாங்குகிறவர் குழம்புவார். மாமரக் கவாத்து பற்றி எழுதிவிட்டு ‘பசுமையின் பாடல்’ என்று பெயர் வைத்தால், கவாத்து வெட்டத் தெரியாத சந்தூர் விவசாயி அதை எப்படித் தேடுவார்?

புரவலன் பெயரில் புத்தகம் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தேர்தல் ஆண்டில் அதிகம் வருவார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துவேன். நன்னூலை எழுதச் சொன்னவன் சீயகங்கன் என்ற அரசன். அவன் பெயர் பாயிரத்தில் இருக்கிறது, தலைப்பில் இல்லை.

நாவல், கதை, தன்வரலாறு எழுதுகிறவர்கள் தங்க வேண்டிய இடம் ‘தன்மை’. சிந்தாமணி கேட்டதைத் தரும் மணி. சூடாமணி தலையில் அணியும் மணி. அந்த நூல் எப்படிப்பட்டது என்று ஒரு பொருளைக் கையில் வைத்துக் காட்டுகிறது பெயர். இந்தப் பெட்டியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்.

அந்தப் பெயரை எங்கே தேடுவது?

உங்கள் பிரதிக்குள்ளேயே. வெளியே தேடப் போனால் மற்றவர்களின் தலைப்புகள்தான் கிடைக்கும்.

இந்த வழியும் பழையது. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. மிஞ்சிய 80 பாட்டுக்கும் தலைப்பு உண்டு. ஒவ்வொரு தலைப்பும் அந்தந்தப் பாட்டுக்குள் இருக்கும் ஒரு தொடர்தான். எட்டாம் பத்து நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கசப்போடு படிக்க வேண்டியது. தகடூரை, அதாவது இந்தத் தருமபுரியை, வென்று அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடியது. தோற்ற ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், தலைப்புகள் பிரமாதம். 72-ஆம் பாட்டு ‘உருத்தெழு வெள்ளம்’, சினந்து எழும் வெள்ளம். 77-ஆம் பாட்டு ‘வென்றாடு துணங்கை’, வென்று ஆடும் கூத்து. ‘போர்க்கள நினைவுகள்’ என்று யாரும் வைக்கவில்லை, பாருங்கள்.

குறுந்தொகையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 131-ஆம் பாட்டின் புலவர் பெயர் தெரியவில்லை. பிரிந்திருக்கும் தலைவன், ஊருக்குத் திரும்பத் துடிக்கும் தன் நெஞ்சைப் பற்றிச் சொல்கிறான்: ஈரம் பட்ட கொல்லையில், ஒரே ஓர் ஏர் வைத்திருக்கும் உழவனைப் போலப் பரபரக்கிறது என்று. தொகுத்தவர்கள் புலவருக்கே ‘ஓரேருழவனார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மானாவாரிக் காட்டில் ஒரு மழைக்குப் பிறகு ஏரைக் கடன் கேட்டு அலைந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களிடம் இந்த உவமையைச் சொன்னால் உரை தேவைப்படாது.

இனி என் கடையில் நடந்தது. ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர், பல ஆண்டுகள் தருமபுரி–ஒகேனக்கல் தடத்தில் ஓடியவர், நீளக் கணக்கு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். மேலே ‘என் பயண நினைவலைகள்’ என்று சிவப்பு மையில் இருந்தது. படித்துக்கொண்டே போனேன். ஓர் இடத்தில், பென்னாகரம் சந்தைக்குப் போகும் பாட்டிக்கு மீதி கொடுக்கச் சில்லறை இல்லை. டிக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று ரூபாய் ஐம்பது காசு என்று எழுதிக் கொடுக்கிறார். கூட்டத்தில் பாட்டி கேட்காமலே இறங்கிவிடுகிறார். நடத்துநர் அந்த மூன்றரை ரூபாயைத் தோல்பையின் உள்ளறையில் தனியாக வைத்து, ஐந்தாவது வாரம் சந்தையில் அவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். பாட்டி டிக்கெட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாராம்.

“அண்ணா, உங்கள் தலைப்பு இங்கே இருக்கிறது” என்றேன். ‘டிக்கெட்டின் பின்பக்கம்.’

அவர் யோசித்தார். “டிக்கெட் ஆங்கிலமாயிற்றே தம்பி. பயணச்சீட்டின் பின்பக்கம் என்று போடலாமா?”

“இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது பஸ்ஸில் பயணச்சீட்டு என்று கூவியிருக்கிறீர்களா?”

சிரித்துவிட்டார். அதற்கு முன் அவரே ‘கடைசி நடை’ என்று ஒன்றும் யோசித்து வைத்திருந்தார். ஒரு பஸ் ஒரு நாளில் எத்தனை முறை போய்வருகிறதோ அத்தனை நடை. பணி ஓய்வு நாளின் கடைசி ஓட்டம் என்ற பொருளில் வைத்தது. எனக்கும் பிடித்தது. அவர் மனைவிதான், “சாவுச் செய்தி மாதிரி இருக்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார். சரியான தீர்ப்பு. இரு பொருள் வரும் தலைப்பில் இரண்டாவது பொருள் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வெளியாள்தான் சொல்ல முடியும்.

‘நினைவலைகள்’ என்று வைத்தால் என்ன தவறு?

தவறு ஒன்றும் இல்லை. அதே பெயரில் என் அடுக்கில் ஏற்கெனவே இருக்கிறது, அவ்வளவுதான். துளிகள், சிதறல்கள், வேர்கள், விழுதுகள், தேடல், பயணம், மண்வாசனை: எல்லாம் ஒரு காலத்தில் புதிதாக இருந்த சொற்கள். கை பட்டுப் பட்டு முகம் தேய்ந்த காசு மாதிரி ஆகிவிட்டன. செல்லும், ஆனால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

நம் ஊருக்கென்று தனியாகத் தேய்ந்த சொற்களும் உண்டு. அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைத் தலைப்பாக்கிக்கொண்டு ஒருவராவது வராத ஆண்டே இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்தால் மாங்கனி. இவை ஊரின் சொத்து என்பது உண்மைதான். ஊர் முழுக்கக் கைவைக்கிற சொத்தில் உங்கள் பங்கு எங்கே தெரியும்?

மாங்கனியே வேண்டும் என்று நின்றால் உள்ளே இறங்கித் தேடுங்கள். கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் காயை வியாபாரிகள் பெங்களூரா என்பார்கள், தோத்தாபுரி என்பார்கள். பள்ளிக்கூட வாசலில் அதையே கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறவர் ‘கிளிமூக்கு’ என்பார். ஒரே காய்தான். முதல் இரண்டு பெயர் சரக்கைச் சொல்கின்றன. மூன்றாவது பெயரில் வளைந்த முனை கண்ணுக்குத் தெரிகிறது, பல்லும் கூசுகிறது. தலைப்பில் நான் தேடுவது இந்த மூன்றாவது பெயரை. ஒகேனக்கல்லும் இப்படி வந்ததுதான். கன்னடத்தில் ‘ஹொகே’ புகை, ‘கல்’ பாறை. அருவித் தூவானம் பாறையிலிருந்து புகையாக எழுவதைப் பார்த்த யாரோ ஒருவர் வைத்த பெயர்.

ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைக்கலாமா?

வைக்கலாம். ஊர்க்காரர்கள் நிச்சயம் எடுத்துப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரர் எடுப்பாரா என்பது ஊர்ப் பெயரோடு சேரும் அடுத்த சொல்லைப் பொறுத்தது.

‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு பழைய நூல் இருந்தது. சேரன் தகடூர்மீது படையெடுத்த கதை. முழு நூல் கிடைக்கவில்லை. புறத்திரட்டு போன்ற தொகுப்புகளும் உரைகளும் எடுத்தாண்ட பாடல்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. நூல் போன பிறகும் பெயர் பிழைத்துக் கிடக்கிறது. ஆனால் இன்று அந்தப் பெயரைக் கேட்கும் இளைஞர் காவி வேட்டியையும் இருமுடியையும் நினைக்கிறார். யாத்திரை என்றால் அங்கே படை நடத்திச் செல்வது. சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது.

பாப்பாரப்பட்டியில் 1925-ல் மறைந்த சுப்பிரமணிய சிவா நடத்திய இதழின் பெயர் ‘ஞானபாநு’. அறிவுச் சூரியன் என்று அன்றைய வாசகர்களுக்கு உடனே புரிந்திருக்கும். போன மாதம் ஒரு பள்ளி மாணவி, “ஞானபானு யார் சார், அவர் மகளா?” என்று கேட்டார்.

நிர்வாகப் பெயர்களில் இன்னொரு சிக்கல். 1990-களில் ‘தருமபுரி மாவட்ட ஏரிகள்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அதில் ஓசூரும் பர்கூரும் அடங்கும். 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. இப்போது மறுபதிப்புப் போட்டால் பாதி ஏரிகள் தலைப்புக்கு வெளியே நிற்கும். இரண்டு மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் ‘பாராமகால்’ என்ற பழைய பெயரைக் கேட்பார்கள். வரலாற்று நூலுக்குப் பொருத்தம். சிறுகதைக்கு வேண்டாம்.

வட்டாரச் சொல் போட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமா?

புரியாமல் போவதில் ஆபத்து குறைவு. வேறாகப் புரிந்துகொள்வதில்தான் ஆபத்து. நமக்குக் கொல்லை என்றால் விளைநிலம், மழையை நம்பிய காடு. தஞ்சாவூர்க்காரருக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். ‘கொல்லைக் காவல்’ என்று நீங்கள் இரவில் பன்றி விரட்டிய கதையை எழுதினால், அவர் கிணற்றடி வாழைக்குலைக்குக் காவல் என்று நினைப்பார்.

சுத்தமாகத் தெரியாத சொல்லுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இங்கே எருது விடும் விழாதான். காளையைத் தழுவுவது இல்லை, ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். வாடிவாசல் நம் பேச்சில் இருந்த சொல்லே இல்லை. ஆனாலும் செல்லப்பாவின் அந்தச் சின்னப் புத்தகம் இங்கே விற்றது. காளை வெளிப்படும் அந்தக் குறுகிய திறப்புதான் கதையே என்று சில பக்கங்களில் புரிந்துவிடும். அதன் பிறகு அந்தச் சொல் வாசகருடையது.

ஊரறிந்த கதைக்கு என்ன தலைப்பு வைப்பது?

கோயில் வரலாறு, குலக் கதை, புராணம் எழுதுகிறவர்கள் கேட்பது இது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைப் பாருங்கள். இராமாயணத்தைக் கல்கியில் எழுதியபோது அவர் வைத்த பெயர் ‘சக்கரவர்த்தித் திருமகன்’. 1958-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. மகாபாரதத்துக்கு ‘வியாசர் விருந்து’. அதே கதைகள் அவர் பெயரில் ஆங்கிலத்தில் வந்தபோது ‘ராமாயணா’, ‘மகாபாரதா’ என்று வெறும் பெயர்தான்.

எனக்கு இதில் ஒரு கணக்குத் தெரிகிறது. தமிழ் வாசகருக்குக் கதை தெரியும். பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார். தெரிந்த வீட்டுக்கு மறுபடி வரச் சொல்ல இலை போட்டு அழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விருந்து. ஆங்கில வாசகருக்கு இது எந்த வீடு என்பதே முதலில் தெரிய வேண்டும். உங்கள் குலதெய்வக் கதையை யாருக்காகப் போடுகிறீர்கள், பங்காளிகளுக்கா, வெளியாருக்கா? பங்காளிகளுக்கு என்றால் ‘வரலாறு’ என்ற சொல்லை விட்டுவிட்டு அந்தக் கதையில் எல்லாரும் காத்திருந்து கேட்கும் கட்டம் எதுவோ அதைத் தலைப்பில் வையுங்கள். வெளியாருக்கு என்றால் தெய்வத்தின் பெயரும் ஊரும் அவசியம் வேண்டும்.

கவிதைத் தொகுப்புக்கு?

ஒரு நல்ல கவிதையின் தலைப்பையே தொகுப்புக்கு வைத்துவிடலாம். ஆனால் அந்தக் கவிதை முதல் பத்துப் பக்கத்துக்குள் வரக் கூடாது. நடுவில் எங்கோ வாசகர் தடுக்கி விழட்டும்.

வேறொருவர் வைத்த தலைப்பை நான் வைக்கலாமா?

தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. ஓர் இந்திப் படத்தின் பெயர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: 1957-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது படைப்பை, வெறும் தலைப்பு தனியாக ஒரு படைப்பு ஆகாது. ஆனால் புகழ்பெற்ற ஒன்றின் பெயரை வைத்து, அட்டையையும் அதே போலச் செய்து, வாங்குகிறவர் ஏமாறும்படி விற்றால் வேறு சட்டங்கள் வரும். தொடர் நூல் வரிசைகளின் பெயர்கள் வணிகச்சின்னமாகப் பதிவாகியிருக்கவும் கூடும்.

சட்டம் விடுகிறது என்பதற்காக வைக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு புத்தகம் இருந்தால் கடையில் பிரபலமானதைத்தான் எடுத்துக் கொடுப்போம். நானும் அப்படித்தான் செய்வேன். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு முறை, இணையப் புத்தகக் கடைகளில் ஒரு முறை தேடிவிட்டு வாருங்கள்.

ஒரு முறை வைத்த தலைப்பை மாற்றலாமா?

அச்சுக்குப் போகும் முன் எத்தனை முறையும் மாற்றலாம். ஜெயகாந்தனின் அந்த நாவல் பத்திரிகையில் தொடராக வந்தபோது அதன் பெயர் ‘காலங்கள் மாறும்’. புத்தகத்துக்குத்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ ஆயிற்று. முதல் பெயர் ஒரு பொது உண்மை. யார் எழுதிய எந்த நாவலுக்கும் ஒட்டும். இரண்டாவதில் யாரோ சிலரைப் பற்றிய ஒரு தயக்கம் இருக்கிறது, தீர்ப்புச் சொல்லாத தயக்கம். அந்த நாவலுக்கு அதுதான் வேண்டியிருந்தது. 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது.

அச்சான பிறகு மாற்றுவது தலைவலி. ஐஎஸ்பிஎன் என்னும் 13 இலக்க எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆனால் அது அந்தத் தலைப்புக்கு, அந்தப் பதிப்புக்கு உரிய எண். தலைப்பை மாற்றினால் புது எண் வாங்க வேண்டும். பழைய பெயரில் வாங்கியவரே புதுப் பெயரில் மறுபடி வாங்கிவிட்டு என்னிடம் வந்து சண்டை போடுவார்.

அட்டையில் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒற்றெழுத்தை. அட்டையில் வரும் சந்திப்பிழையை மறைக்க முடியாது. உள்ளே 200 பக்கத்தில் எத்தனை பிழை இருந்தாலும் மன்னிக்கும் தமிழாசிரியர், அட்டையில் ஒரு ‘க்’ விட்டுப்போனால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

அட்டை, உள் தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், முதுகு, நான்கிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். ‘தருமபுரி’ என்று அட்டையிலும் ‘தர்மபுரி’ என்று உள்ளேயும் போட்டால் இணையத்தில் ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது அகப்படாது. எனக்கு இது தெரியும். ஏனென்றால் ஒரு முறை நானே அப்படிப் போட்டுத் தொலைத்து, 300 பிரதிக்கும் ஒட்டுத்தாள் ஒட்டினேன்.

நடுவில் பின் அடித்த 64 பக்கப் புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அலமாரியில் செருகினால் பெயர் தெரியாது. அதனால் மெல்லிய தொகுப்பு போடுகிறவர்கள் தலைப்பு முழுவதும் அட்டையின் மேல் பாதியில் வரும்படி கேட்டு வாங்குங்கள். கடையில் சாய்த்து அடுக்கும்போது மேல் பாதிதான் வெளியே தெரியும்.

துணைத்தலைப்பு வேண்டுமா?

கட்டுரை, ஆய்வு, வரலாறு என்றால் வேண்டும். மேலே ‘கிளிமூக்கு’ என்று வைத்தால் கீழே ‘கிருஷ்ணகிரி மாந்தோப்புகளின் கதை’ என்று ஒரு வரி இருந்தால்தான் பறவை நூல்களோடு அடுக்கிவிட மாட்டோம். நாவலுக்கு வேண்டாம்.

எண்கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டலாமா?

ஒரு எழுத்தைக் கூட்டி ‘வாழ்க்கைப்ப் பாதை’ என்று போடச் சொன்னவரை மரியாதையோடு திருப்பி அனுப்பினேன். உங்கள் பெயரில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கூட்டுங்கள் ஐயா, அது உங்கள் உரிமை. தமிழில் கை வைக்க வேண்டாம்.

நல்ல தலைப்பு வைத்தால் புத்தகம் விற்குமா?

எடுத்துப் பார்ப்பார்கள். பின்னட்டையைத் திருப்புவார்கள், நடுவில் ஒரு பக்கம் படிப்பார்கள். அதற்கு மேல் தலைப்பால் ஆவது ஒன்றுமில்லை.

‘டிக்கெட்டின் பின்பக்கம்’ 300 பிரதி போட்டோம். உறவினருக்கும் பழைய டிப்போ நண்பர்களுக்கும் போனவை போக, கடையில் வைத்தவற்றில் பெரும்பகுதி விற்றுவிட்டது. ஒரு கட்டு இன்னும் அவர் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கடைக்கு வந்து கேட்கிறவர்கள் யாரும் முழுப் பெயரைச் சொன்னதில்லை. “அந்த டிக்கெட் புத்தகம்” என்பார்கள். ஒருவர், “கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்த புத்தகம்” என்றார். இரண்டு பேருக்கும் சரியாக எடுத்துக் கொடுத்தேன்.

தலைப்பை மட்டும் போனில் சொன்னால் கருத்துச் சொல்வீர்களா?

மாட்டேன். பிரதியைக் கொண்டு வாருங்கள், நகலாக இருந்தால் போதும். நீங்கள் நினைத்திருக்கும் தலைப்பை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் படித்து முடிக்கும் வரை காட்ட வேண்டாம். ஞாயிறு கடை விடுமுறை. மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டுக்கும் பேனாவுக்கும் முண்டியடிப்பார்கள், பேச முடியாது. காலையில் வாருங்கள்.